பச்சைத் தண்ணீரில் போட்ட தேயிலைத் தூள்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், 2025 மார்ச் 8 மகளிர் தினத்தன்று பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. போன கூட்டத்தில் தலைவி அக்கா என்னைக் கூப்பிட்டு, "உங்க குழுவுல நடந்த அந்த டீத்தூள் விஷயத்தை எல்லாருக்கும் சொல்லும்மா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்"னு சொன்னாங்க. அதனால சொல்றேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பாதிக் கதை என் தப்புதான்.

எங்க குழுவில் 12 பேர். வங்கியில் மூன்று லட்சம் கடன் வாங்கி 2022ல் டீத்தூள் பாக்கெட் போட ஆரம்பிச்சோம். ஃபேக்டரியில் டஸ்ட் தூள் மொத்தமாக வாங்கி, கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட் போட்டு விற்போம். அது போக, கீழே சமவெளியில் டீக்கடைகளுக்குச் சரக்கு போடுகிற ஒருத்தர் மாசம் 100 கிலோ சில்லறைத் தூளாக எங்ககிட்ட எடுப்பார். மாசத் தவணை 14,000 ரூபாய். உண்மையைச் சொன்னால் அந்த 100 கிலோவில்தான் எங்க தவணையே ஓடிக்கொண்டிருந்தது.

2023 தீபாவளி முடிஞ்ச சமயம். அவர் வந்து, "உங்க தூள்ல கலர் இறங்க மாட்டேங்குது. அடுத்தவன் தூள்ல ஒரு கரண்டி போட்டா பத்து டீ வருது, உங்களுதுல ஏழுதான் வருது"ன்னார். அடுத்த வாரம் ஒரு சின்ன மூட்டையைக் கொண்டு வந்து வைத்தார். பார்க்க டீத்தூள் மாதிரியே இருந்தது. "பத்து கிலோவுக்கு இதுல ஒரு கிலோ கலந்துடுங்க. எல்லாரும் செய்றதுதான். வெளிநாட்டுல மிட்டாய், ஜூஸ் எல்லாத்துலயும் கலர் போடறான், அவனெல்லாம் செத்தா போயிட்டான்?"ன்னு கேட்டார்.

அன்னிக்கு ராத்திரி குழுக் கூட்டம் போட்டோம். ஆறு பேர் வேண்டாம்னாங்க, அஞ்சு பேர் சரின்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரே ஒரு மாசம் கலந்து கொடுப்போம், தவணை கட்டிட்டு அப்புறம் நிறுத்திக்கலாம்"னு சொன்னேன். கணக்கு நோட்டு என் கையில் இருந்தது. எனக்கு அந்த 14,000 தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

எங்க குழுவில் ஒரு மூத்த அக்கா இருக்காங்க. எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறிச்சவங்க. அவங்க ஒன்றும் பேசாமல் எழுந்து போய் இரண்டு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் கொண்டு வந்தாங்க. சுடுதண்ணி இல்லை, குழாயில் பிடிச்ச சில்லுன்னு தண்ணி. ஒன்றில் நம்ம தூளைப் போட்டாங்க. இன்னொன்றில் அந்த மூட்டைத் தூளைப் போட்டாங்க. நம்ம தூள் மேலே மிதந்து, மெதுவா லேசாகக் கலர் விட ஆரம்பிச்சது. மூட்டைத் தூள் போட்ட டம்ளர் அடுத்த நொடியே கோடு கோடாகச் சிவந்து, செங்கல் கரைச்ச மாதிரி ஆகிவிட்டது.

"நான் இத்தனை வருஷம் தேயிலைக்குள்ளயே கெடந்தவ. பச்சத் தண்ணியில இப்படிச் செவக்கிற தேயிலைய நான் பாத்ததில்ல. இது இலை இல்ல, சாயம்"னாங்க.

அதுக்கு மேல யாரும் பேசலை. மூட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். ஆர்டரும் போச்சு.

ஆனால் எனக்கு மனசுக்குள்ள அவர் கேட்ட கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. வெளிநாட்டில் கலர் போடறான்தானே? நம்ம கடையிலும் கேசரிப் பவுடர் விற்கிறான்தானே? அப்போ கலர் போடலாமா, கூடாதா? குழுவில், "பத்தாவது படிச்சவ நீதான், நீயே கேட்டுட்டு வந்து சொல்லு"ன்னு என் தலையில் கட்டிட்டாங்க. உணவுப் பாதுகாப்புத் துறை பயிற்சியில் கேட்டது, நோட்டில் எழுதிக்கொண்டது, என் பொண்ணு போனில் தேடிப் படிச்சுக் காட்டியது, இதையெல்லாம் வைத்துத்தான் இப்போ சொல்றேன்.

முதல் விஷயம். கலர், கெடாமல் இருக்கப் போடுவது, புளிப்புக்குப் போடுவது, இது எல்லாத்துக்கும் சேர்த்து உணவுச் சேர்மானம்னு பேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பும் சேர்ந்து 1963ல் கோடெக்ஸ்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சாங்க. அந்தப் பட்டியல் நம்பர்தான் நம்ம பிஸ்கட் பாக்கெட்டில் ஐ.என்.எஸ். என்று போட்டு வருகிறது. ஐரோப்பாவில் அதே நம்பருக்கு முன்னால் 'ஈ' என்ற எழுத்தைப் போடுவாங்க. நம்பர் இருந்தாலே விஷம்னு பயப்பட வேண்டாம். 100 என்றால் மஞ்சளிலிருந்து எடுத்த நிறம். 260 என்றால் வினிகரில் இருக்கிற அமிலம். 330 என்றால் எலுமிச்சை உப்பு.

இரண்டாவது விஷயம். நம்பர் எல்லா நாட்டுக்கும் ஒன்று. ஆனால் சட்டம் ஒன்று இல்லை. நம்ம நாட்டில் செயற்கை நிறத்தில் எட்டுதான் அனுமதி: 102, 110, 122, 124, 127, 132, 133, 143. அந்த எட்டையும் எல்லாப் பண்டத்திலும் போட முடியாது. மிட்டாய், ஐஸ்கிரீம் மாதிரி சிலவற்றில் மட்டும் போடலாம். அதுவும் பொதுவாக ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள். டீத்தூளில் ஒரு துளிகூடக் கூடாது. மிளகாய்த் தூள், மஞ்சள் தூளிலும் கூடாது. அந்த வியாபாரி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எந்தக் கலர், எந்தப் பண்டத்தில், எவ்வளவு என்று மூன்று கேள்வி கேட்கணும். அவர் மூட்டையில் பேரும் இல்லை, நம்பரும் இல்லை. முதல் கேள்வியிலேயே அது தோற்றுப்போச்சு.

இப்போ வெளிநாட்டுக்கு வரேன். என் நாத்தனார் பொண்ணு இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கா. லீவுக்கு வந்தப்போ மிட்டாய் பாக்கெட் கொண்டு வந்தா. அதில் ஒரு மிட்டாய் பாக்கெட்டில் சின்ன எழுத்தில், இந்த நிறம் குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று எழுதியிருந்தது. அவதான் படிச்சு அர்த்தம் சொன்னா. 2007ல் அங்கே சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சுமார் 300 பிள்ளைகளுக்குக் கலர் கலந்த பானத்தையும் கலக்காததையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாங்களாம். அதற்குப் பிறகு 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பா முழுக்க ஆறு கலருக்கு இந்த எச்சரிக்கை கட்டாயம். அந்த ஆறில் 102, 110, 122, 124 என்ற நாலும் நம்ம எட்டுக்குள்ளேயே இருக்கு. நம்ம பாக்கெட்டில் 'அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம்' என்று மட்டும் இருக்கும். எச்சரிக்கை கிடையாது. அமெரிக்காவிலும் கிடையாது. ஒரே ஆராய்ச்சியைப் பார்த்து ஒரு நாடு "தாய்மாருக்குச் சொல்லிவிடுவோம்" என்கிறது. இன்னொரு நாடு "இந்த ஆதாரம் போதாது" என்கிறது.

அப்போ ஐரோப்பாக்காரன் எல்லாத்திலும் கண்டிப்பு, மற்றவன் எல்லாம் மோசம்னு நினைக்காதீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். 122, 124 என்ற இரண்டு சிவப்பும் நம்ம நாட்டிலும் ஐரோப்பாவிலும் போடலாம், அமெரிக்காவில் போடக்கூடாது. 143 என்ற பச்சை நம்ம நாட்டிலும் அமெரிக்காவிலும் போடலாம், ஐரோப்பாவில் கூடாது. ஆளுக்கு ஒரு கணக்கு.

127 கதைதான் எல்லாத்துக்கும் மேல. எரித்ரோசின்னு பேர், செர்ரிப் பழச் சிவப்பு. அமெரிக்காவில் இதை உதட்டுச் சாயத்திலும் முகப்பூச்சிலும் போடக்கூடாதுன்னு 1990லேயே தடை செஞ்சாங்க. ஆண் எலிகளுக்குப் புற்றுநோய் வந்ததுதான் காரணம். ஆனால் சாப்பாட்டில் மட்டும் விட்டு வைத்தாங்க. உதட்டில் தடவக்கூடாது, வயிற்றுக்குள் போகலாம்! இந்த வருஷம் ஜனவரியில்தான் சாப்பாட்டிலும் தடைன்னு அறிவிச்சிருக்காங்க. கம்பெனிகளுக்கு 2027 ஜனவரி வரைக்கும் டைம். எலிக்கு வந்த விதத்தில் மனுஷனுக்கு வராதுன்னும் அவங்களே சொல்றாங்க. ஆனாலும் மனுஷனுக்கோ மிருகத்துக்கோ புற்றுநோய் தரும் நிறம் கூடாதுன்னு 1960லேயே அங்கே சட்டம் இருக்கு. ஐரோப்பாவில் அந்த நிறத்தைப் பதப்படுத்திய செர்ரிப் பழத்துக்கு மட்டும்தான் விட்டிருக்காங்க. நம்ம நாட்டில் இன்னிக்கும் அனுமதி உள்ள எட்டில் அது ஒன்று.

இங்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்டறேன். வீட்டில் போட்டுப் பாருங்க. உலக நிபுணர் குழு, 127 ஒரு நாளைக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரைக்கும்தான் உள்ளே போகலாம்னு சொல்லியிருக்கு. நம்ம வீட்டுப் பிள்ளை 15 கிலோ என்று வைங்க. அப்போ ஒரு நாளைக்கு 1.5 மில்லிகிராம். ஒரு கிலோ மிட்டாயில் 100 மில்லிகிராம் போடலாம்னா, 15 கிராம் மிட்டாயிலேயே அந்த 1.5 வந்துவிடும். 15 கிராம் என்பது ரெண்டு மூணு மிட்டாய். ஒரு நாள் கூடினால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. அந்த அளவு ஆயுசு முழுக்கத் தினம் சாப்பிடுவதை வைத்து, நிறைய இடம் விட்டுப் போட்டது. ஆனால் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தாலும், சின்ன உடம்புக்குச் சின்ன அளவுதான்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சது. மிட்டாய் கேட்டு அழுகிற பிள்ளைக்கு அஞ்சு ரூபாய் கொடுத்து அனுப்பும்போது நாம இதை நினைக்கிறதே இல்லை.

ரொட்டிக்கு வாங்க. ரொட்டி மாவு நல்லா உப்பி வர பொட்டாசியம் புரோமேட் போடுவாங்க. இங்கிலாந்தில் 1990லேயே நிறுத்திட்டாங்க. நம்ம நாட்டில் 2016ல் டெல்லியில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு ரொட்டி, பன்னைச் சோதிச்சு வெளியிட்ட பிறகு அந்த வருஷம் ஜூனில் தடை வந்தது. பணக்கார நாடான அமெரிக்காவில் மத்திய சட்டத்தில் இன்னும் தடை இல்லை. கலிபோர்னியா மாநிலம் மட்டும் 2023ல் தனியாகச் சட்டம் போட்டு, 2027லிருந்து கூடாதுன்னு சொல்லியிருக்கு. இதில் நாம அவங்களுக்கு முன்னால இருக்கோம். பேக்கரி வைத்திருக்கிற, வர்க்கி போடுகிற குழுக்கள் இதைக் கவனிங்க. மாவுக்குப் போடும் பொடி வாங்கினால் அதில் என்ன இருக்குன்னு படிச்சு வாங்குங்க.

மசாலாக் குழுக்களுக்கும் ஒன்று சொல்லணும். போன வருஷம் ஏப்ரலில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நம்ம நாட்டுப் பெரிய கம்பெனி மசாலாவை நிறுத்தினாங்களே, டிவியில் பார்த்திருப்பீங்க. அது சேர்மானம்கூட இல்லை, கிருமி சாக அடிக்கிற எத்திலின் ஆக்சைடு என்ற வாயு. அமெரிக்காவில் ஒரு கிலோ மசாலாவில் அந்த எச்சம் 7 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம். ஐரோப்பாவில் 0.1 தாண்டக்கூடாது. எழுபது மடங்கு வித்தியாசம்! ஒரு துறைமுகத்தில் பாஸ், இன்னொரு துறைமுகத்தில் ஃபெயில். ஆனால் மிளகாய்த் தூளில் போடுகிற சூடான் சாயத்தில் இந்த வித்தியாசமே கிடையாது. ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா எங்கேயும் அதை உணவில் போட அனுமதி இல்லை. 2005ல் இங்கிலாந்தில் ஒரு சாஸில் அந்தச் சாயம் கலந்த மிளகாய்த் தூள் போனதால், அந்த சாஸ் சேர்த்த 400க்கும் மேற்பட்ட பண்டங்களைக் கடையிலிருந்து எடுத்தாங்க.

நம்ம மாநிலத்தில் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். போன வருஷம் பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், அப்புறம் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டாங்க. அதில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். அது அந்த எட்டுக்குள் இல்லவே இல்லை. அடுத்த மாசம் கர்நாடகாவிலும் நடவடிக்கை எடுத்தாங்க. அந்தச் செய்தி வந்த அன்னிக்கு எங்க மூத்த அக்கா என்னைப் பார்த்தாங்க. ஒன்றும் சொல்லலை. எனக்குத்தான் முகத்தைத் தூக்க முடியலை. பஞ்சு மிட்டாய் விற்றவரும் என்னை மாதிரி ஒரு குடும்பத்துக்காரர்தான். "எல்லாரும் போடறதுதான்"னு யாரோ அவருக்கும் சொல்லித்தான் கொடுத்திருப்பாங்க.

நாட்டுக்கு நாடு சட்டம் ஏன் மாறுதுன்னு கேட்டேன். பயிற்சியில் சொன்னதை என் பாஷையில் சொல்றேன். சில நாடு, சந்தேகம் வந்தாலே நிறுத்து என்கிறது. சில நாடு, கெடுதல்னு நிரூபிச்சால்தான் நிறுத்துவேன் என்கிறது. அந்த ஊர் ஜனங்க எதை அதிகம் சாப்பிடறாங்க என்பதையும் பார்க்கணும். கம்பெனிகளின் கை ஓங்கியிருக்கிற இடமும் உண்டு. ஜனங்க கேள்வி கேட்டு மாறின இடமும் உண்டு. அதனால் "வெளிநாட்டில் இருக்கு" என்பதும் ஒரு பதில் இல்லை, "வெளிநாட்டில் தடை" என்பதும் முழுப் பதில் இல்லை. நம்ம சட்டம் என்ன, நம்ம பண்டத்துக்கு அது என்ன சொல்லுது, அதைத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு மேல நம்ம மனசாட்சி.

ஆர்டர் போன பிறகு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. டிசம்பர் தவணைக்கு ஆளுக்கு 500 போட்டு 6,000 சேர்ந்தது. மீதி 8,000 குழுச் சேமிப்பிலிருந்து எடுத்தோம். ஜனவரிக்கும் அதே கதை. ஒரு தங்கச்சி கோபத்தில் ரெண்டு மாசம் கூட்டத்துக்கே வரலை. அவ மேல தப்பு சொல்ல மாட்டேன். அவ வீட்டில் அந்த 500 இல்லை.

மே மாசம் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி சமயத்தில் ரோட்டோரம் சின்ன மேஜை போட்டோம். மூத்த அக்காவின் டம்ளரை அங்கே கொண்டு வைத்தோம். வருகிறவங்க கண் முன்னாலேயே பச்சைத் தண்ணீரில் நம்ம தூளைப் போட்டுக் காட்டினோம். "எங்க தூள் உடனே சிவக்காதுங்க, அதுதான் எங்க தூளு"ன்னு சொல்லி விற்றோம். ஜனங்க நின்னு பார்த்தாங்க. வீட்டுக்குப் போயும் போன் பண்ணிக் கேட்டாங்க. இப்போ மாசம் 70 கிலோ பாக்கெட்டாகவே போகுது. 100 இன்னும் வரலை. ஆனால் பாக்கெட்டில் கிலோவுக்கு லாபம் கூட. தவணை தவறாமல் போகுது. அந்தத் தங்கச்சியும் வந்துட்டா, இங்கேதான் உட்கார்ந்திருக்கா.

கடைசியாக நாலு வார்த்தை. உணவுப் பண்டம் செய்கிற குழு எல்லாம் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுங்க. சின்ன வியாபாரத்துக்கு வருஷம் 100 ரூபாய்தான். 14 இலக்க நம்பர் பாக்கெட்டில் இருக்கணும். பேர், நம்பர் இல்லாத பொடி எதையும் யார் கொடுத்தாலும் கலக்காதீங்க. டீத்தூளில் சந்தேகம் வந்தால் பச்சைத் தண்ணீர் டம்ளர் இருக்கு. இல்லைன்னா வெள்ளை வடிகட்டிக் காகிதத்தில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணி தெளிச்சு, தூளைக் கழுவிவிட்டுப் பாருங்க. உடனே கறை பிடிச்சிருந்தால் சாயம். கடையில் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பி அந்த எட்டு நம்பரைத் தேடுங்க. நமக்கு இங்கிலீஷ் வராட்டியும் நம்பர் படிக்க வரும்.

பணம் தட்டுப்பாடு வரும்போது மனசு தடுமாறும். எனக்குத் தடுமாறியது. அன்னிக்கு நான் தனியா இருந்திருந்தால் கலந்திருப்பேன். 12 பேர் இருந்ததால், அதில் ஒருத்தர் எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தாங்க. குழு எதுக்குன்னு என்னைக் கேட்டால், கடன் வாங்க மட்டும் இல்லை, இதுக்கும்தான்னு சொல்வேன்.